நாலாம் நம்பர் அறையும் ஜே பட்டனும்

எங்கள் கழகத்தின் முழுப்பெயர் 'சிவகாசி வட்டாரக் கணினி ஆர்வலர் மாலைநேர நட்புக் கழகம்'. மொத்தம் மூன்று பேர். கதிரவன் தலைவர், செழியன் செயலாளர், நான் பொருளாளர். உறுப்பினர் என்று யாரும் கிடையாது. எங்கள் பக்கம் சங்கம் வைக்கிறவர்கள் முதலில் பதவிகளைப் பங்கு போட்டுவிட்டு, எதற்காகச் சங்கம் என்பதை அப்புறம் யோசிப்பார்கள். நாங்கள் அப்புறமும் யோசிக்கவில்லை.

கூடுகிற இடம் கதிரவனுடைய பிரௌசிங் சென்டர். ஓர் ஆப்செட் அச்சகத்தின் மாடியில் இருந்தது. கீழே மெஷின் ஓடினால் மேலே மானிட்டர் ஆடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் கூட்டம். மவுஸுக்கு அடியில் பழைய காலண்டர் அட்டை. முருகன் முகத்தின் மேல் மவுஸ் ஓட்டுவது பாவம் என்று அட்டையைக் கவிழ்த்துப் போட்டிருந்தான். ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டையும் கழற்றிவிட்டு, இருந்த ஒரே டேபிள் ஃபேனை அந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தோம். நமக்கு வேர்த்தால் துண்டு இருக்கிறது, பிராசசருக்கு யார் துடைத்துவிடுவார்கள்?

நான் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கிறவன். கதிரவன் எந்த கேமைக் கொடுத்தாலும் கடைசி லெவல்வரை போகிறவன். எங்கள் பேச்சு ராம், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு என்று போகும். விண்டோஸை வாரம் ஒருமுறை அழித்துப் போட வேண்டுமா, மாதம் ஒருமுறை போதுமா என்று ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். செழியன் கீழே இருக்கிற அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் டிசைன் செய்கிறவன். புலி, குழந்தை, ராக்கெட் மேல் உட்கார்ந்த குழந்தை, புலி மேல் உட்கார்ந்த குழந்தை என்று வரைந்து தள்ளுவான். எங்கள் மூவரில் உண்மையிலேயே புரோகிராம் எழுதத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அதனால்தான் அவனைத் தலைவராக்கவில்லை.

2006-ஆம் வருஷம் அவன் ஒரு கேம் எழுதினான். பெயர் 'பட்டாசு ஆலை'. அதை ஏன் எழுதினான் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

தாயில்பட்டிப் பக்கம் மணிகண்டராஜ் அண்ணாச்சிக்கு ஒரு பட்டாசு ஆலை உண்டு. அதில் நாலாம் நம்பர் அறையில் மருந்து அடைக்கிற வேலை செய்கிறவள் பாண்டிச்செல்வி, செழியனின் அக்கா. அறைக்கு நாலு பேர் என்பது சட்டம். சுவரில் சிவப்புப் பெயிண்டால் எழுதியும் இருக்கும். உள்ளே இருந்தது ஒன்பது பேர். எழுத்தின் மேல் மூன்று பேர் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பதால் வாசகம் தெரியாது.

சோதனைக்கு ஜீப் வருகிறது என்றால் முதல் நாளே போன் வந்துவிடும். ஜீப் தார் ரோட்டிலிருந்து மண்பாதைக்குத் திரும்பும்போது வாட்ச்மேன் விசில் அடிப்பான். அதிகப்படி ஆட்கள் பின்பக்கமாக ஓடிப்போய்க் கருவேலங்காட்டில் உட்கார்ந்துகொள்வார்கள். ஜீப் போனதும் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வார்கள். இந்தத் தடவை யார் ஓடுவது, யார் இருப்பது என்று முறைகூட வைத்திருந்தார்கள். ஆய்வு செய்கிற அலுவலரும் கருவேலங்காட்டின் பக்கம் கழுத்தைத் திருப்பாமல் நடக்கப் பழகியிருந்தார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

நாலாம் நம்பர் அறையில் நாலே பேர் இருக்க வேண்டும். செழியனுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காக ஆலைப் பாதுகாப்பு மேற்பார்வை அலுவலகத்துக்கு மனு மேல் மனு போட்டான். 'தங்கள் மனு பெறப்பட்டு, பெறப்பட்ட மனுக்களோடு வைக்கப்பட்டுள்ளது' என்று ஒவ்வொரு முறையும் பதில் வந்தது.

"மனுவப் படிக்க மாட்டாக," என்றான் செழியன். "கேமுன்னா ஒக்காந்து வெளையாடிப் பாப்பாகல்ல?"

கேமில் நாம்தான் ஆலை முதலாளி. தீபாவளிக்குள் ஆர்டரை முடித்து லோடு அனுப்ப வேண்டும். அறைக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் வைக்கலாம். ஆள் கூடினால் சரக்கு கூடும், வெயில் ஏறினால் அறை சிவக்கும், ரொம்பச் சிவந்தால் வெடிக்கும். நடுநடுவே ஜீப் வரும். அப்போது ஜே பட்டனை அமுக்கினால் அதிகப்படி ஆட்கள் ஓடிப்போய்க் கருவேலங்காட்டில் உட்காருவார்கள். நாலாம் நம்பர் அறையில் பச்சைச் சேலை கட்டி உட்கார்ந்திருந்த பொம்மை பாண்டிச்செல்வி.

முதலில் கழகத்தில்தான் போட்டுக் காட்டினான். கதிரவன் ஆலையை ஏழெட்டுத் தடவை வெடிக்க வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தான்.

"நல்லாத்தாம்லே இருக்கு. ஆனா ஜீப்பு ஓடும்போது வீலு சுத்தலையே."

"வீல விடு. ரூம்புல ஆளு கூடுனா வெடிக்குது பாத்தியா?"

"பாத்தேன். வெடிக்கிற சவுண்டு பத்தாது. ஸ்டீரியோவுல குடு."

"நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றேன் நான். "இது பென்டியம் த்ரீயில ஓடும். டூவுல திக்கும்."

இதுதான் நாங்கள் சொன்ன கருத்து. செழியன் ஸ்டீரியோ போட்டுத் தருவதாகச் சொன்னான்.

அந்த வருஷம் எங்கே பார்த்தாலும் கம்ப்யூட்டர் மோகம். கம்ப்யூட்டர் ஜாதகம், கம்ப்யூட்டர் கண் பரிசோதனை, ஒரு கடையில் கம்ப்யூட்டர் அல்வா. அல்வாவை அண்டாவில்தான் கிண்டினார்கள், பில் மட்டும் பிரிண்டரில் வரும். அரசு அலுவலகங்களும் கம்ப்யூட்டர் மயமாக வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்திருந்தது. உத்தரவுக்கு முன்னாலேயே கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. அட்டைப் பெட்டியைப் பிரிப்பதற்குத்தான் அனுமதி வரவில்லை.

இந்த நேரத்தில் விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கணினிக் கண்காட்சி வைத்தார்கள். முந்தின நாள் கல்யாணத்துக்குக் கட்டிய வாழைமரம் அவிழ்க்கப்படாமல் நின்றது. எங்கள் கழகத்துக்குப் பந்தி பரிமாறுகிற இடத்தில் ஒரு மேஜை கிடைத்தது. செழியன் எதிர்பார்த்த ஆளும் வந்தார். ஆலைப் பாதுகாப்பு மேற்பார்வை அலுவலகத்தின் ஆய்வு அலுவலர், திரு. செல்லச்சாமி அவர்கள்.

"தம்பி, இது யாரு ஆலை?"

"யாரு ஆலையும் இல்ல சார். கேம்."

"ஓனருன்னு ஒருத்தர் இருப்பாருல்ல?"

"வெளையாடுறவகதான் சார் ஓனரு."

"அப்ப இப்ப நான்தான் ஓனரா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு எல்லா அறையிலும் ஒன்பது ஒன்பது பேரைத் திணித்தார். "தீபாவளிக்கு லோடு போகணும்ல," என்று பக்கத்தில் நின்றவர்களிடம் காரணமும் சொன்னார்.

திரையில் ஜீப் வந்தது.

"ஜே அமுக்குங்க சார், ஜே அமுக்குங்க," என்றான் செழியன்.

"ஜீப்புல இருக்கது யாரு?"

"ஆய்வு அலுவலர் சார்."

"தொப்பை கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே," என்று அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அறை சிவந்தது. கதிரவன் கேட்டபடி செழியன் ஸ்டீரியோ போட்டிருந்தான். ஸ்பீக்கர் மண்டபத்து மேளக்காரர்களுக்குப் போட்ட ஸ்பீக்கர். வெடித்த வெடியில் சமையல்கட்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். செல்லச்சாமி அவர்கள் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். 'உங்கள் ஆலை வெடித்துவிட்டது. மறுபடி விளையாடுகிறீர்களா?' என்று திரை கேட்டது. "வேண்டாம்," என்று அவர் வாயால் பதில் சொன்னார்.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து செழியனுக்கு ஓலை வந்தது. 'தாங்கள் முறையான உரிமம் ஏதுமின்றித் தங்கள் கணினியில் பட்டாசு ஆலை நடத்திவருவதும், மேற்படி ஆலை பொதுமக்கள் கூடியிருந்த மண்டபத்தில் வெடித்ததும் இவ்வலுவலகத்தின் மேலான கவனத்துக்கு வந்துள்ளது. நேரில் ஆஜராகி விளக்கம் தரவும். ஆலையையும் உடன் கொண்டுவரவும்.'

ஆலையை ஒரு சி.டி.யில் போட்டு, புலி லேபிள் வேஸ்ட் தாளில் சுற்றிக்கொண்டு மூவரும் போனோம். செல்லச்சாமி அவர்களின் அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பிரிக்காத பெட்டியோடு ஊதா நிறத் துணியால் போர்த்தி, மேலே பிளாஸ்டிக் ரோஜா வைத்திருந்தார்கள்.

"கம்ப்யூட்டர்ல வெடிச்சா யாருக்கு சார் சேதம்?" என்று செழியன் கேட்டான்.

"அலுவலகத்துக்கு. எங்க மேற்பார்வையில இருக்க மாவட்டத்துல ஒரு ஆலை வெடிச்சிருக்கு. வெடிச்சப்ப ஆய்வு அலுவலரே ஓனரா இருந்திருக்காரு. மேல கேட்டா நான் என்ன சொல்றது?"

"நெசத்துலயும்தான சார் வெடிக்குது?"

"அதுக்கு விசாரணை இருக்கு, கமிட்டி இருக்கு, முறைன்னு ஒண்ணு இருக்கு. இதுக்கு என்ன முறை இருக்கு சொல்லு?"

செல்லச்சாமி அவர்கள் தம் நிபந்தனைகளைச் சொன்னார். ஆலை இனி எக்காரணம் கொண்டும் வெடிக்கக் கூடாது. அரசு ஊழியரைக் கண்டு மக்கள் ஓடுவதாகக் காட்டக் கூடாது, ஆகவே ஜே பட்டனை எடுத்துவிட வேண்டும். கருவேலங்காடு சீமைக் கருவேலம் என்பதால் அதையும் எடுத்துவிடுவது நல்லது. அலுவலரின் தொப்பையைக் குறைக்க வேண்டும்.

"எல்லாம் செய்றேன் சார்," என்றான் செழியன். அவன் குரலில் ஒரு வியாபாரம் இருந்தது. "ஆனா ரூம்புக்கு நாலு பேருதான். நாலுக்கு மேல வைக்கவே முடியாத மாதிரி எழுதிருவேன். சம்மதமா?"

"சட்டமே அதான தம்பி. எழுதிக்கோ."

ஓர் அதிகாரி வாயிலிருந்து 'சட்டமே அதான' என்ற சொல் வந்துவிட்டது. செழியனுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து, துணியை விலக்கி, கம்ப்யூட்டரைப் பெட்டியிலிருந்து அன்றுதான் பிறந்த பிள்ளையை எடுப்பதுபோல எடுத்து, உயிர்ப்பித்து, சொன்ன மாற்றங்களைச் செய்து காட்டினான். இப்போது ஆலை அமைதியாக இருந்தது. அறைக்கு நாலு பேர். ஐந்தாவது ஆளை வைத்தால் கம்ப்யூட்டர் 'ட்டொய்ங்' என்று சொல்லி மறுத்துவிட்டது. செல்லச்சாமி அவர்கள் வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப இந்த ஆலையில தப்பே நடக்காதா?"

"நடக்க முடியாது சார்."

"எப்பப் பாத்தாலும் நாலு பேரு?"

"எப்பப் பாத்தாலும்."

"ஜீப்பு போகாட்டியும்?"

"போகாட்டியும்தான்."

அவர் எழுந்து சன்னல் பக்கம் போனார். வெளியே அலுவலக ஜீப் டீசல் இல்லாமல் வேப்ப மரத்தடியில் நின்றது. அதன் பானெட்டில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. அவர் திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு திட்டம் இருந்தது.

அதன் பெயர் 'கணினிவழி ஆலை ஆய்வுத் திட்டம்'. ஒவ்வோர் ஆலையையும் அறைக்கு அறை அப்படியே கம்ப்யூட்டரில் வரைய வேண்டியது. அந்தக் கம்ப்யூட்டரை ஆலையின் ஆபீஸ் அறையில் வைக்க வேண்டியது. அலுவலர் வந்து அதில் ஆய்வு செய்வார். மேலிடத்தில் கேட்டவுடன் அனுமதி கொடுத்தார்கள். மாநிலத்தில் எந்த அலுவலகத்திலும் கம்ப்யூட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்ததில்லை, இங்கே எடுத்ததோடு ஓர் ஆலையையே உள்ளே வைத்துவிட்டார்கள்.

எங்கள் கழகத்துக்குப் பொற்காலம். கதிரவனுக்குத் 'தொழில்நுட்ப ஆலோசகர்' என்று பட்டம் கிடைத்தது. ஆலைகளுக்கான கம்ப்யூட்டரெல்லாம் நான் அசெம்பிள் செய்தவை. செழியன்தான் ராப்பகலாக வரைந்தான்.

"கம்ப்யூட்டர்ல நாலுன்னு ஏறிட்டா, நெசத்துலயும் நாலாக்கித்தான ஆகணும்?" என்று கேட்டான்.

"பின்ன?" என்றோம் நாங்கள். கம்ப்யூட்டரில் ஒன்று இருக்கும்போது வெளியே வேறொன்று இருக்க முடியும் என்று எங்களுக்கு உண்மையாகவே தோன்றவில்லை.

தொடக்க விழா மணிகண்டராஜ் அண்ணாச்சியின் ஆலையில். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, யு.பி.எஸ்ஸுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். அண்ணாச்சி வெள்ளை வேட்டியில் கை கட்டி நின்றார். செல்லச்சாமி அவர்கள் பாதுகாப்பு விதிப்படி வாசலிலேயே செருப்பைக் கழற்றினார், சட்டைப் பையைத் தட்டிக் காட்டித் தீப்பெட்டி இல்லையென்று நிரூபித்தார், ரப்பர் பாய் மேல் வெறுங்காலோடு நின்று மவுஸைத் தொட்டார். ஏ.சி. ஜில்லென்று ஓடியது.

"நாலாம் நம்பர் ரூம்பு வாசல்ல தண்ணி வாளி எங்க?" என்றார் கண்டிப்பாக.

செழியன் ஒரு சிவப்பு வாளி வரைந்தான்.

"பக்கத்துல மணல் வாளி?"

இன்னொன்று வரைந்தான்.

"மணல் இருக்கா?"

மஞ்சள் நிறம் ஊற்றினான்.

"ம். இந்த அக்கறை மொதல்லயே இருக்கணும்," என்று அண்ணாச்சியை எச்சரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நிஜ வாளி ஆபீஸுக்கு வெளியே அவருடைய ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தது.

"ஐயா பெரிய மனசு பண்ணிட்டீக," என்றார் அண்ணாச்சி. "முந்தி நீங்க வெயில்ல ஒவ்வொரு ரூம்பா நடந்து பாப்பீக. எங்களுக்கே மனசு கஷ்டமா இருக்கும்."

அந்த வருஷம் மாவட்டத்தின் எல்லா ஆலைகளிலும் எல்லா அறைகளிலும் நாலு நாலு பேர் இருப்பதாக அலுவலகம் அறிவித்தது. யாராலும் மறுக்க முடியவில்லை. வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று கம்ப்யூட்டரைக் காட்டினார்கள்.

ஆடி முடிந்து சீசன் சூடு பிடித்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்செல்வி மாடிப்படி ஏறி பிரௌசிங் சென்டருக்கு வந்தாள். கை இரண்டும் முழங்கைவரை அலுமினியப் பவுடர் ஏறி வெள்ளிப் பாத்திரம்போல மின்னியது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

"ஏலே செழியா, இனிமே ஜீப்பு எங்க ரூம்பு பக்கம் வராதாமே?"

"ஆமாக்கா. ஆபீஸு ரூம்புல கம்ப்யூட்டர்லயே பாத்துக்கிருவாக."

"எங்க ரூம்புல இப்ப எத்தன பேரு தெரியுமா?"

"நாலு," என்றான் கதிரவன் கேமிலிருந்து திரும்பாமல்.

"பதினொண்ணு."

கதிரவன் திரும்பினான்.

"ஜீப்பு வரும்னு ஒரு பயத்துல ஒம்போதோட நிறுத்திருந்தாக. இப்பதான் வராதுல்ல, இன்னும் ரெண்டு பேரு. முந்தி ஜீப்பு வார அன்னைக்காவது அஞ்சு பேரு போயிக் கருவேலங்காட்டுல உக்காருவோம். நெழலு இருக்கும், காத்து வரும். உள்ள இருக்க நாலு பேரும் காலை நீட்டிக்கிருவாக. அந்த ஒரு பொழுதையும் ஒம் பொட்டி புடுங்கிட்டு."

"நீ வேலைக்குப் போகாதக்கா," என்றான் செழியன்.

"சீசன் நேரத்துல நின்னா மறு சீசனுக்கு எவன் கூப்புடுவான்? தெரியாத ஆளு மாதிரிப் பேசாத."

எனக்குச் சுருக்கென்றது. செல்லச்சாமி மேல் ஆத்திரம் வந்தது, அண்ணாச்சி மேல் வந்தது. கொஞ்சம் தாமதமாக எங்கள் மேலும் வந்தது. ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அதற்குள் கதிரவன், "அக்கா, கம்ப்யூட்டர்ல நாலாம் நம்பர் ரூம்புல பச்சைச் சேலை நீங்கதான், தெரியுமா?" என்றான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

செழியன் அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தான். எங்களிடம் சொல்லவில்லை. அடுத்த ஆய்வுக்கு முன்னால், ஏதோ ரிப்பேர் பார்க்கிற மாதிரி ஆலைக்குப் போய், நாலுக்கு மேல் மறுக்கிற தடையை எடுத்துவிட்டு, நாலாம் நம்பர் அறையில் பதினோரு பொம்மைகளை வைத்துவிட்டு வந்தான்.

ஆய்வு நாளன்று எங்கள் மூவரையும் ஆலோசகர்கள் என்ற முறையில் அழைத்திருந்தார்கள். செல்லச்சாமி அவர்கள் செருப்பைக் கழற்றி, பையைத் தட்டி, பாயில் ஏறி, மூன்று அறைகளைப் பார்த்துத் தலையாட்டினார். நாலாம் நம்பரைத் திறந்ததும் மவுஸை விட்டுவிட்டு அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

"பதினோரு பேரு! நாலு பேரு இருக்க வேண்டிய எடத்துல பதினோரு பேரு! மனுச உயிருன்னா ஒமக்கு வெளையாட்டாப் போச்சாய்யா?"

அண்ணாச்சிக்கு முகம் வெளுத்தது. "வைரஸு பூந்துட்டுய்யா. நேத்துக்கூட நாலு பேருதான் இருந்தாக, எங்கண்ணால பாத்தேன்."

"வைரஸ் இல்ல சார்," என்றான் செழியன். "நெசத்துலயும் பதினொண்ணுதான். எங்க அக்கா உள்ள இருக்கு. வாங்க, இங்கன இருந்து கூப்புடு தூரம். வந்து பாருங்க."

"அது முடியாதே தம்பி. திட்டம் வந்த அன்னைக்கே நேரடி ஆய்வ ரத்து பண்ணியாச்சு. கம்ப்யூட்டர்லயும் பாத்து நேர்லயும் பாத்தா அது இரட்டை ஆய்வு. தணிக்கையில புடிச்சிருவாக."

"அந்தச் சன்னல்ல எட்டிப் பாத்தாலே தெரியும் சார்."

"சன்னலத் தொறந்தா ஏ.சி. போயிரும்," என்றார் அண்ணாச்சி அவசரமாக.

செல்லச்சாமி அவர்கள் யோசித்தார். நேர்மையான மனிதர். கம்ப்யூட்டரில் கண்ணால் கண்டதை இல்லையென்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "இந்த ஏழு பேர வெளிய அனுப்பு," என்றார். அனுப்ப முடியவில்லை. வெளி என்று ஒன்று ஆலையில் இல்லை. கருவேலங்காட்டை அவர்தான் எடுக்கச் சொல்லியிருந்தார். பொம்மைகள் பதினொன்றும் அறைக்குள்ளேயே முட்டிக்கொண்டு நின்றன.

"அப்ப ஆலைய மூட உத்தரவு போடுறதத் தவிர வேற வழியில்ல," என்று பேனாவைத் திறந்தார்.

செழியனைப் பார்த்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். அந்தப் பேனா மட்டும் தாளில் பட்டிருந்தால் பொழுது சாயும் முன்னால் நாலாம் நம்பர் அறை காலியாகியிருக்கும். அவனுடைய அத்தனை மனுவும், ஒரு கேமும், ஒரு திட்டமும் அந்தப் பேனா முனையில் வந்து நின்றன.

"சார், ஒரு நிமிசம்," என்றான் கதிரவன்.

அவன் கெட்டவன் இல்லை. பாண்டிச்செல்வி நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அவனும் நினைத்தான். ஆனால் கண்ணுக்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, அதைச் சரிசெய்யத் தெரிந்தவனால் சும்மா இருக்க முடியாது.

"பழைய வெர்ஷன் எங்கிட்ட இருக்கு சார். அதுல ஜே பட்டன் இருக்கும். அந்த ஃபைல மட்டும் எடுத்து இதுல போட்டுறலாம்."

"ஏலே கதிரு, வேணாம்லே," என்றான் செழியன்.

"ஒனக்கு வராட்டி விடு. நான் போடுறேன்."

பையிலிருந்து சி.டி.யை எடுத்தான். டிரைவ் திறக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், ஏனென்றால் அது நான் அசெம்பிள் செய்த பெட்டி. டிரைவின் முகத்தில் சின்னதாக ஓர் ஓட்டை உண்டு, அதில் ஊக்கை விட்டு ஒரு கோணத்தில் அழுத்தினால் திறந்துகொள்ளும். அந்தக் கோணம் இந்த வட்டாரத்தில் எனக்குத்தான் தெரியும். குத்தித் திறந்து கொடுத்தேன். "பலே," என்றார் செல்லச்சாமி அவர்கள். உள்ளுக்குள் எனக்குக் குளிர்ந்தது.

கதிரவன் வேலையை முடித்து, ஜே பட்டனை அமுக்கினான். திரையில் ஏழு பொம்மைகள் அறையைவிட்டுத் துள்ளி ஓடின. ஆலைக்குப் பின்னால் கருவேலங்காடு முளைத்தது. ஏழும் வரிசையாகப் போய் அதில் உட்கார்ந்தன. அறையில் இருந்த எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன் என்றுதான் ஞாபகம்.

"இப்ப எத்தன பேரு?"

"நாலு சார்."

"நல்லது. ஆனா 'ஓடுறது'ன்னு யாரும் சொல்லக் கூடாது. 'பணியாளர் இடமாற்றம்'னு பேரு வையி." திறந்த பேனாவால் திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சி எங்களுக்கு ஆளுக்கொரு பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் கொடுத்தார். செழியன் தன்னுடையதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவனும் வந்தான். கம்ப்யூட்டரில் ஆலையைத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். சீசன் என்பதால் ஞாயிறும் வேலை. தாயில்பட்டிக்கு ஆள் ஏற்றுகிற வேன் கீழே வந்து நின்றது. இரண்டாம் ஷிப்டுக்குப் போகிற பாண்டிச்செல்வி அதற்குள் ஒரு எட்டு மேலே வந்தாள். நடந்ததெல்லாம் ஆலையிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இதுல நான் எங்கலே இருக்கேன்?" என்று தம்பியின் தோளுக்கு மேலாகக் குனிந்தாள்.

அவன் காட்டினான். கருவேலங்காட்டில் மூன்றாவதாகப் பச்சைச் சேலை.

"காட்டுக்குப் போயிட்டனா?"

"ஆமாக்கா."

"நல்லவேளை." கொஞ்ச நேரம் அந்தப் பொம்மையையே பார்த்தாள். கீழே வேன்காரன் ஹாரன் அடித்தான். "வெயில்லல்ல உக்காந்திருக்கேன். அந்த மரத்துக்கு ஒரு நெழலு போட்டு என்னய அதுல உக்கார வையி. நான்தான் ரூம்புக்குள்ள கெடக்கேன், அதுவாவது அங்கன நெழல்ல இருக்கட்டும்."

அவள் இறங்கிப் போனாள். வேன் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. செழியன் கீபோர்டின் மேல் கையை வைத்தபடி தலையைக் குனிந்துகொண்டான். அவன் அழுகிறான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

கதிரவன் திரையைக் கூர்ந்து பார்த்தான்.

"நெழலு போடணும்னா இந்தக் கார்டு தாங்காதுலே. அறுபத்தி நாலு எம்.பி. கார்டு போடணும்."

"எதுக்கு? முப்பத்திரெண்டே போதும்," என்றேன் நான்.

போதாது என்றான். போதும் என்றேன். அன்றைக்குக் கூட்டம் முடிகிறவரை அதைப் பற்றித்தான் பேசினோம்.